பதிவிறக்க முடிகிறது, சரி – திருத்தலாமா?

இணையத்தில் ஒரு பாடக்குறிப்பு கிடைக்கிறது. காசு கேட்கவில்லை, கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, பதிவிறக்கப் பொத்தானும் கண்ணெதிரே இருக்கிறது. இவ்வளவு இருந்தாலே அது ‘திறந்த’ வளம் என்று பல ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதிப்புரிமை, ஒன்றை எழுதிய கணத்திலேயே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கும் பதிவு செய்யவோ, வட்டத்துக்குள் எழுத்துப் போட்ட குறியை அடியில் இடவோ தேவையில்லை. உரிமம் பற்றி ஒரு வரியும் இல்லாத பக்கத்துக்கு ‘எல்லா உரிமையும் எழுதியவருக்கே’ என்றுதான் பொருள். படிக்கலாம். வகுப்பில் காட்டுவதற்கு அந்தந்த நாட்டுச் சட்டம் ஓரளவு இடம் கொடுக்கலாம். ஆனால் மூன்றாம் பத்தியை மாற்றி எழுதி, நான்காம் கணக்கை எடுத்துவிட்டு, மொழிபெயர்த்து, இன்னொரு பள்ளி ஆசிரியருக்கு அனுப்பிவைக்க யாரும் அனுமதி தந்துவிடவில்லை.

திறந்த கல்வி வளம் என்ற பெயர் 2002-ல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி, தன் பாடங்களையெல்லாம் இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. யார் எதைச் செய்யலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி தர உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’) உரிமங்களின் முதல் பதிப்பு வந்ததும் 2002 டிசம்பரில். இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்ததால், ‘திறந்தது’ என்ற சொல்லுக்குத் தொடக்கத்திலேயே சட்டப்படியான பொருள் ஒன்று அமைந்துவிட்டது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி அதை ஐந்து உரிமைகளாகச் சொன்னார்: பிரதியை நம்மிடமே வைத்துக்கொள்வது, பயன்படுத்துவது, திருத்துவது, வேறொன்றோடு கலப்பது, அடுத்தவருக்குக் கொடுப்பது. முதலில் நான்குதான் இருந்தன. ‘வைத்துக்கொள்வது’ 2014-ல் சேர்ந்தது. பருவத்தேர்வு முடிந்ததும் கடவுச்சொல் காலாவதியாகிப் பாடநூலே கண்ணில் படாமல் போகும் மின்னூல் சந்தாக்களைப் பார்த்தவர்களுக்கு, அது ஏன் தனியாகச் சேர்க்கப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

பணம் மிச்சமாவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,822 மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. விலைக்கு வாங்கும் பாடநூலை விட்டுத் திறந்த நூலுக்கு மாறிய வகுப்புகளில் மதிப்பெண் உயர்ந்தது, தோல்வியும் பாதியில் விலகுவதும் குறைந்தன. அரசு உதவித்தொகை பெறுவோரிடம் அந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. இதை அளவோடு படிக்க வேண்டும். முன்பே புத்தகம் வாங்கிவைத்திருந்த மாணவருக்கு, அதே தரத்தில் இன்னொரு புத்தகம் சும்மா கிடைப்பதால் என்ன கூடிவிடும்? பயன் முழுக்கப் புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்குத்தான். ஆகவே எல்லோர் கையிலும் நூல் இருக்கும் வகுப்பில் ‘இலவசம்’ பெரிய மாற்றம் எதையும் செய்யாது. அங்கேயும் வேலை செய்வது திருத்தும் உரிமை. என்னைக் கேட்டால் ஆசிரியருக்கு முதன்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

அதை எட்ட இருந்து பேசினால் புரியாது. ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

மனித இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் வேண்டும். திறந்த உரிமப் படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் தேடினால் பல வரும். அவற்றில் எஸ்விஜி வடிவில் இருப்பதை எடுங்கள். பிஎன்ஜி, ஜேபெக் எல்லாம் புள்ளிகளால் ஆனவை. பெயர்ச்சீட்டை மாற்ற வேண்டுமானால் வெள்ளைப் பட்டையை மேலே ஒட்டித்தான் எழுத வேண்டும். எஸ்விஜியில் ஒவ்வொரு கோடும் எழுத்தும் தனிப்பொருள். இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளில் திறந்து, ஏதாவது ஒரு பெயரின்மேல் இருமுறை சொடுக்குங்கள். எழுத்துச் சுட்டி மின்னினால் அது எழுத்தாகவே இருக்கிறது, அப்படியே தமிழில் தட்டலாம். மின்னாமல் சின்னச் சின்னக் கணுக்கள் தெரிந்தால், வரைந்தவர் எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிச் சேமித்திருக்கிறார். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான். பல பெயர்கள் ஒரே குழுவாகக் கட்டப்பட்டிருந்தால் முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்திக் கட்டை அவிழ்க்க வேண்டும்.

இடப்பக்கத்துப் பெயர்களில்தான் முதல் சிக்கல் வரும். தமிழில் சொல் நீளும். ‘மேற்பெருஞ்சிரை’ என்று எழுதியதும் அது வலப்புறமாக வளர்ந்து படத்தின்மேல் ஏறிவிடும். இடப்பக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் வலது ஓரம் சீராக அமையும்படி மாற்றினால், சொல் எவ்வளவு நீண்டாலும் வெளிப்பக்கமாகவே நீளும். சுட்டுக்கோட்டைத் தொடவே தேவைப்படாது. இரண்டாவது, மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கும் இடம்: இதயத்தின் வலப்பக்கம் படத்தில் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். மூலத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் பெயர் எழுதினால் வலது மேலறையும் இடது மேலறையும் இடம் மாறிப்போகும். இந்தத் தவறு வருவது சோம்பலால்கூட அல்ல, அவ்வளவு இயல்பாகக் கை அப்படிப் போகிறது.

மூன்றாவது நிறம். ஆக்சிஜன் உள்ள இரத்தம் சிவப்பு, இல்லாதது நீலம் என்பது வழக்கம். திரையில் அழகாக இருக்கும். கறுப்பு-வெள்ளை நகலெடுத்தால் நடுத்தரச் சிவப்பும் நடுத்தர நீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும், பாடத்தின் உயிரே போய்விடும். நீலப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, நிரப்பும் பட்டியலில் சாய்கோட்டு வடிவத்தை வைத்துவிட்டால் நகலிலும் வேறுபாடு நிற்கும். இந்த ஒரு வேலையை, வெறும் ‘இலவச’ப் படத்தில் சட்டப்படியும் செய்ய முடியாது, கோப்பு வடிவத்தாலும் செய்ய முடியாது. உரிமம் அனுமதிக்க வேண்டும், கோப்பும் திருத்த இடம் கொடுக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் கதவு சாத்தியதுதான்.

முடித்ததும் இரண்டு கோப்பாகச் சேமியுங்கள். ஒன்று, எழுத்து எழுத்தாகவே இருக்கும் எஸ்விஜி. இன்னொன்று பயிற்சித்தாளில் ஒட்டுவதற்கான பிஎன்ஜி; தாளில் 12 செ.மீ. அகலம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 1,417 புள்ளி அகலம் போதும். எழுத்துகள் நகராமல் இருக்கட்டும் என்று எஸ்விஜியிலேயே எழுத்தைக் கோடாக மாற்றிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல எல்லோரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய எழுத்துருவைப் பயன்படுத்தி, எழுத்துருவின் பெயரையும் குறிப்பில் சொல்லிவிட்டால் போதும். அது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் கோப்போடு சேர்த்தே அனுப்பலாம். மூலப் படம் காமன்ஸில் இருந்தால் எஸ்விஜி டிரான்ஸ்லேட் என்ற கருவியும் உண்டு; ஒரே கோப்புக்குள் பல மொழிப் பெயர்களை வைக்க அது உதவும். எழுத்து கோடாகிவிட்ட படங்களில் அது பலிக்காது.

படத்துக்கு அடியில் வர வேண்டிய வரி இப்படி இருக்கும்:

“மனித இதயம் – குறுக்குவெட்டு. வரைந்தவர்: (அவர் தந்துள்ள பெயர்). மூலம்: விக்கிமீடியா காமன்ஸ் (பக்க முகவரி). உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0 (உரிமத்தின் முகவரி). மாற்றம்: பெயர்கள் தமிழாக்கப்பட்டன, நீலப் பகுதிகளுக்குச் சாய்கோடு இடப்பட்டது.”

தலைப்பு, படைத்தவர், கிடைத்த இடம், உரிமம், செய்த மாற்றம் ஆகிய ஐந்தும் இருந்தால் எந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கும் போதும். 4.0 பதிப்பு தலைப்பைக் கட்டாயமாக்கவில்லை, 3.0 வரை கேட்டார்கள். எழுதிவிட்டால் சந்தேகம் இல்லை. ‘நன்றி: இணையம்’ என்றும் ‘நன்றி: விக்கிப்பீடியா’ என்றும் எழுதுவது எதற்கும் ஆகாது. உரிமத்தின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 4.0-ல், விதியை மீறிவிட்டோம் என்று தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை தானாகத் திரும்பக் கிடைக்கும். பழைய பதிப்புகளில் அப்படி இல்லை, ஒரு பிழையோடு உரிமை முறிந்துவிடும். பழைய உரிமப் படங்களைப் பொறியாக வைத்து, பெயர் விடுபட்டவர்களிடம் பணம் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2.0, 3.0 என்று போட்ட படங்களை எடுக்கும்போது அந்த வரியை இன்னொரு முறை சரிபாருங்கள்.

உரிமப் பெயரில் வரும் நான்கு ஈரெழுத்துகள்தான் அகராதி. ‘பை’ என்றால் பெயர் சொல். ‘எஸ்ஏ’ என்றால் திருத்தியதை இதே உரிமத்தில் கொடு. ‘என்சி’ என்றால் வணிக நோக்கம் கூடாது. ‘என்டி’ என்றால் திருத்தியதை வெளியிடாதே. இவற்றைச் சேர்த்தால் ஆறு உரிமங்கள். அப்புறம் உரிமையையே விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ. என்டி உள்ள எதையும் பாடப்பொருளாக எடுக்க வேண்டாம் என்பேன். மொழிபெயர்ப்பும் திருத்தமே, ஆகவே என்டி 4.0 போட்ட குறிப்பைத் தமிழாக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளலாம், வெளியே கொடுக்க முடியாது. யுனெஸ்கோ 2019 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பரிந்துரையும் திருத்த அனுமதிப்பதைத் திறந்த வளத்தின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் என்டி வெளியேதான் நிற்கிறது.

கலக்கும்போதுதான் நிஜமான தலைவலி. எம்ஐடியின் பாடங்கள் பை-என்சி-எஸ்ஏ. விக்கிப்பீடியாவின் உரை பை-எஸ்ஏ. இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்துப் பின்னி ஒரே கட்டுரையாக்கினால், முதலாவது “வணிகம் கூடாது என்ற நிபந்தனையோடு கொடு” என்கிறது, இரண்டாவது “வணிகத்தையும் அனுமதிக்கும் என் உரிமத்தில் கொடு” என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது, அந்தக் கட்டுரையை வெளியிட வழியே இல்லை. பின்னாமல் பக்கம் பக்கமாக வைத்தால் அது தொகுப்பு. திருத்தாத ஒரு படம், அருகில் உங்கள் உரை, கீழே இன்னொருவரின் பயிற்சி என்று ஒவ்வொன்றும் தன் உரிமத்தோடு இருந்துகொள்ளும். மேலே சொன்ன இதயப் படத்தைத் தமிழாக்கியதால் படம் பை-எஸ்ஏவாகவே போக வேண்டும், அதைச் சுற்றியுள்ள கேள்விகளை உங்கள் விருப்பப்படி வெளியிடலாம். காணொளி மட்டும் விதிவிலக்கு: பாட்டையோ இசையையோ படத்தோடு பொருத்தி ஓடவிட்டால் அதைத் திருத்தமாகவே உரிமம் கருதுகிறது. ஆகவே என்டி இசை பாடக் காணொளிக்குப் பின்னணியாகாது.

ஒரே வெளியீட்டாளர் என்பதற்காக எல்லா நூலும் ஒரே உரிமம் என்று எண்ணிவிடக் கூடாது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டவற்றில் பல நூல்கள் வெறும் ‘பை’, அதன் கால்குலஸ் தொகுதிகள் பை-என்சி-எஸ்ஏ. அதைவிட நுட்பமான குழி இன்னொன்று: திறந்த நூலுக்குள் திறக்காத படம். முன்பக்கத்து உரிமம், நூலை எழுதியவருக்குச் சொந்தமான பகுதிக்குத்தான் செல்லும். ஒரு புகைப்படத்தின் அடியில் ‘அனுமதியுடன் வெளியிடப்படுகிறது’ என்று இருந்தால் அந்த அனுமதி அவருக்குக் கிடைத்தது, நமக்கு இல்லை. அத்தியாயம் முழுவதையும் எடுக்குமுன் படக்குறிப்புகளை மட்டும் ஒருமுறை ஓடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. உரிமம் பதிப்புரிமையைத்தான் தளர்த்துகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். படத்தில் இருக்கும் குழந்தையின் முகத்துக்கோ, நிறுவன இலச்சினைக்கோ அது எதுவும் செய்யாது.

தேடும்போது ஓப்பன்வெர்ஸ் உதவும். முன்பு கிரியேட்டிவ் காமன்ஸ் நடத்திய தேடல்தான், 2021 முதல் வேர்ட்பிரஸ் திட்டத்தின் கீழ் அந்தப் பெயரில் ஓடுகிறது. அது காட்டும் உரிமம் மூலத்தளத்திலிருந்து இயந்திரம் வாரிக்கொண்டு வந்தது, ஆகவே மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். மூலப் பக்கத்தையும் கண்மூடி நம்ப முடியாது. யாரோ எடுத்த படத்தை இன்னொருவர் தன் கணக்கில் ஏற்றி, தாராளமாக ‘பை’ போட்டுவிடுவது நடக்கிறது. கொடுக்க உரிமை இல்லாதவர் கொடுத்த அனுமதி செல்லாது. தொழில்முறைத் தரத்தில் ஒரே ஒரு படம், மற்றதெல்லாம் மங்கலான கைபேசிப் படம் என்று ஒரு கணக்கு இருந்தால் படத்தையே கொடுத்து அது வேறெங்கே இருக்கிறது என்று தேடும் டின்ஐ போன்ற கருவியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எடுத்ததும் ஒரு விரிதாளில் பதிந்துகொள்வது பிற்பாடு தலையைக் காப்பாற்றும். கோப்பின் பெயர், தலைப்பு, படைத்தவர், முகவரி, உரிமமும் பதிப்பும், எடுத்த நாள், செய்த மாற்றம் என்று ஏழு நெடுவரிசை. எடுக்கும்போதே எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஆகும். ஆண்டு முடிவில் 60 படத்துக்கும் திரும்பத் தேடினால் ஒரு வாரம் போகும், பாதி கிடைக்காது. கூடவே மூலப் பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. படைத்தவர் மனம் மாறிப் பக்கத்தை நீக்கலாம், உரிமத்தையும் மாற்றிப் போடலாம், அதற்கு முன் எடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் எடுத்த நாளில் என்ன உரிமம் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமே.

தமிழில் பாடம் ஆக்குவோருக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அது பிடிஎஃப். உரிமம் தாராளமாக இருக்கும், கோப்போ பிடிஎஃப் மட்டும். வரிகளைத் தேர்ந்து நகலெடுத்து ஒட்டினால் ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று வந்து விழும். காரணம் எளிது. யூனிகோடில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால் என்று ஒலிக்கும் வரிசையில் எழுத்து சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்கிவைக்கிறது, அதில் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறின் குறிகளும் இப்படிச் சிதறும். இதைக் கையால் திருத்தத் தொடங்கினால் நாற்பது பக்கம் இரண்டு நாளைத் தின்றுவிடும். எழுதியவரிடம் மூலக்கோப்பைக் கேட்பதுதான் முதல் வழி. பெரும்பாலும் தருவார்கள், கேட்பாரில்லாமல்தான் தராமல் இருக்கிறார்கள். அது ஆகாதபோது, பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் நகலெடுப்பதைவிடச் சுத்தமாக வரும். அதன் பிறகும் ‘ர’வும் துணைக்காலும், ‘ஔ’வும் ‘ஒள’வும் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொரு வஞ்சகம் கண்ணுக்கே தெரியாது. ‘ொ’ என்ற குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’யும் ‘ா’வுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில நிரல்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை, அதனால் கோப்பில் இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று வரும், மாணவர் தட்டிய சரியான விடையைத் தானியங்கித் தேர்வு ‘தவறு’ என்று போடும். பல மூலங்களிலிருந்து தொகுத்த உரை என்றால் வெளியிடுமுன், இரண்டு வடிவையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள், பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றி நிரல்கள் நிறைய இருக்கின்றன, மாற்றிய பின் மெய்ப்புப் பார்ப்பதை மட்டும் தவிர்க்க முடியாது.

இணைப்பு சரியில்லாத வகுப்புக்குத் திறந்த உரிமத்தின் மதிப்பு இன்னும் நேரடியானது, ஏனென்றால் மொத்தமாக நகலெடுத்துக் கொண்டுபோகலாம். கிவிக்ஸ் மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே ஜிம் (.zim) கோப்பாக இறக்கி இணையமில்லாமல் காட்டும். கொலிப்ரி என்ற இன்னொரு மென்பொருள் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஓடி, அறையிலுள்ள மற்றக் கருவிகளுக்கு வைஃபை வழியே பாடங்களைக் கொடுக்கும். இங்கே பலர் முட்டிக்கொள்வது நினைவட்டையில். எஃப்ஏடி32 வடிவில் உள்ள அட்டை 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் ஏராளமாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்றோ ‘கோப்பு பெரிது’ என்றோ பிழை வரும். அட்டையை எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும், அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்தைச் சும்மா சேமித்து எடுத்துப்போனால் அதில் பொதித்த யூடியூப் காணொளி வெற்றுக் கட்டமாகத்தான் நிற்கும். வகுப்புக்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

இனி நாம் கொடுப்பது. எந்த உரிமம் என்று கேட்டால் பாடப்பொருளுக்கு ‘பை’ அல்லது ‘பை-எஸ்ஏ’ என்பேன். யாராவது எடுத்து விற்றுவிடுவார்களே என்ற பயத்தில் என்சி போடுகிறார்கள். போட்டதும் விக்கிமீடியா காமன்ஸும் விக்கிநூல்களும் அதை ஏற்க முடியாது, அச்சுக்கூலிக்கு விற்க நினைக்கும் தொண்டு நிறுவனம் தயங்கி விலகும், கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்து ஆசிரியர் பயன்படுத்தலாமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நகல்கடை காசு வாங்கிக்கொண்டு என்சி பாடத்தைப் பள்ளிக்காக அச்சிட்டால் அது வணிகமா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2018-லும் 2019-லும் இரு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், பள்ளியின் சார்பில் செய்த வேலை அது, மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தன. வழக்குவரை போகும் அளவுக்கு அந்தச் சொல் மங்கலானது. விற்பவரைப் பற்றிய பயத்துக்கு எஸ்ஏ போதும். எடுத்துத் திருத்தி விற்றாலும் திருத்தியதை அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதைச் சும்மா பகிரலாம் என்பதால் பூட்டிவைக்க முடியாது. நிரலுக்கு மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் வேண்டாம், மென்பொருளுக்கென்றே உள்ள எம்ஐடி உரிமமோ ஜிபிஎல்லோ போடுங்கள்.

உரிமம் போடுமுன் அந்தப் பாடம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். சம்பள வேலையின் பகுதியாக எழுதியது பல நாட்டுச் சட்டப்படி வேலை கொடுத்தவருடையது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் ‘பை’ போட்டால் அது யாரையும் காக்காது. மாணவர் வரைந்த படமும் எழுதிய கட்டுரையும் மாணவருடையவை. அவர்களைக் கேட்க வேண்டும், சிறுவர் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். மதிப்பெண்ணுக்காகச் சம்மதித்தது போல ஆகிவிடாமல், மதிப்பெண் போட்டு முடித்த பின் கேட்பது நல்லது.

உரிம வரியை முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் நகல் எந்திரத்தில் அது காணாமல் போகும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிதாகப் போடுங்கள். கோப்பின் பண்புகளிலும் எழுதுங்கள். வலைப்பக்கம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸின் உரிமத் தேர்வுப் பக்கம் தரும் எச்டிஎம்எல் துண்டை ஒட்டிவிட்டால், தேடுபொறிகளும் அதை உரிமம் என்று அடையாளம் காணும். பிடிஎஃபோடு ஓடிடி (.odt) அல்லது டாக்எக்ஸ் (.docx) மூலத்தையும், படங்களின் எஸ்விஜியையும், எழுத்துருவையும் ஒரே ஜிப்பில் வையுங்கள். கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கட்டும்: 1.0 வெளியீடு, எழுத்துப் பிழை திருத்தினால் 1.1, பாட வரிசையே மாறினால் 2.0. பிழை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரியும், எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் என்ன மாறியது என்று அரைப் பக்கப் பட்டியலும் கூடவே வேண்டும். ஏற்கெனவே 30 பிரதி அச்சிட்டுவைத்திருக்கும் ஆசிரியர், மொத்தத்தையும் மறுபடி அச்சிடாமல் ஏழாம் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்.